தீயணைப்பாளர் வேலைக்கு 'ஃபயர் அண்ட் சேஃப்டி' டிப்ளமோ வேண்டாம்: 65,000 ரூபாய் கட்டிய குடும்பத்திலிருந்து ஓர் எச்சரிக்கை

தமிழ்நாட்டில் அரசுத் தீயணைப்பாளர் ஆவதற்கு எந்த டிப்ளமோவும் தேவையில்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தேர்வுக் கட்டணம் 250 ரூபாய். முழுப் பதிவையும் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போகலாம். மற்றவர்களுக்கு, எங்கள் வீட்டுப் பணம் 65,000 ரூபாயும் என் தம்பியின் கடைசி வாய்ப்பும் எப்படிப் போயின என்பதை விவரமாகவே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. வழக்கு நடக்கும்போது வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். சொன்னாலும் பெரிய பயன் இருக்காது. இதே சரக்கை இதே வார்த்தைகளில் விற்கும் கடைகள் பல ஊர்களில் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருக்கின்றன.

தம்பி ஒன்றும் தெரியாதவன் இல்லை. 2022ஆம் ஆண்டு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய தேர்வை எழுதியவன். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் அது ஒரே தேர்வு. எழுத்துத் தேர்வில் தேறினான். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடித்தான். கயிற்றில் கோட்டைவிட்டான். ஐந்து மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், ஆறு மீட்டர் ஏறினால் இரண்டு என்பது கணக்கு. தோள் ஒத்துழைக்கவில்லை, இறுதிப் பட்டியலில் பெயர் இல்லை. அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு கயிறும், அதில் ஏறப் பழக்கிவிடும் ஓர் ஆளும்தான்.

அந்த நேரத்தில்தான் நோட்டீஸ் கைக்கு வந்தது. 'தீயணைப்புத் துறையில் வேலை உறுதி! ஓராண்டு டிப்ளமோ. அரசு அங்கீகாரம் பெற்றது.' நானும் அவனுடன் போனேன். நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவள், கேள்வி கேட்காமல் எங்கும் பணம் கட்டுகிற வழக்கம் எனக்கு இல்லை. பத்தாம் வகுப்பு போதும் என்று அறிவிக்கையில் இருக்கிறதே, டிப்ளமோ எதற்கு என்று கேட்டேன். எதிரே இருந்தவர் பதிலைத் தயாராகவே வைத்திருந்தார். "அது பழைய விதி மேடம். இனிமேல் டிப்ளமோ முடித்தவர்களுக்குத் தனி ஒதுக்கீடு. அரசாணை கையெழுத்துக்குப் போயிருக்கிறது. இப்போது சேருகிறவர்கள்தான் முதல் பேட்ச்." இல்லாத அரசாணையைப் பற்றிப் பேசும்போது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்தத் திறமைக்குத் தனியாகக் கட்டணம் வாங்கலாம்.

'அரசு அங்கீகாரம்' என்று சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த தாள்கள் மூன்று. ஒன்று அறக்கட்டளைப் பதிவு. இன்னொன்று சிறு, குறு தொழில் என்பதற்கான உத்யம் பதிவு. மூன்றாவது ஐஎஸ்ஓ சான்றிதழ். மூன்றும் உண்மையான தாள்கள். ஆனால் எதுவும் பாடத்துக்கான அங்கீகாரம் இல்லை. உத்யம் பதிவை மாவு மில் வைத்திருப்பவரும் வாங்கலாம்.

கட்டணம் மூன்று தவணை. முதல் தவணையோடு தம்பியின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் இரண்டின் அசலையும் சரிபார்ப்புக்கு என்று வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பூட்டுத்தான் கைகொடுத்தது, அவர்களுக்கு.

பயிற்சி என்று நடந்ததைச் சொல்கிறேன். நகல் எடுத்த குறிப்புகள். மரம், காகிதம் எரிந்தால் 'ஏ' வகைத் தீ, பெட்ரோல் எரிந்தால் 'பி', வாயு என்றால் 'சி'. தவறில்லை, தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் செயல்முறை வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தின் பின்முற்றத்தில் நடந்தது. உலர் பொடி நிரப்பிய ஒரே ஒரு தீயணைப்பான் சிலிண்டர். அதை ஒவ்வொருவராகக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, புகைப்படம் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு நோட்டீஸுக்கு அந்தப் படங்கள் போயின. சுருட்டி வைத்திருந்த தண்ணீர்க் குழாய் கடைசிவரை தண்ணீரைப் பார்க்கவில்லை. கயிறு எங்கே என்று தம்பி கேட்டிருக்கிறான். ஆர்டர் போட்டிருக்கிறோம் என்றார்களாம்.

அங்கே யாருடைய உயரத்தையும் அளக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாரியத்தின் விதிப்படி ஆண்களுக்கு 170 செ.மீ., பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167 செ.மீ. உயரம் வேண்டும். மார்பளவு 81 செ.மீ. இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். அளவு நாடாவை எடுத்திருந்தால் அந்த வகுப்பில் பாதிப் பேரை முதல் நாளே வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும், கட்டணத்தையும் சேர்த்து. பெண்களையும் சேர்த்தார்கள். 2023 அறிவிக்கையில் தீயணைப்பாளர் பணியிடங்கள் ஆண்களுக்கு மட்டுமே. அதை அந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லவில்லை.

2023 ஆகஸ்டில் அந்த அறிவிக்கை வந்தபோது தம்பிக்கு வயது 26. பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 28 வயதுக்குள் இருக்க வேண்டும், அந்தந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதிதான் கணக்கு. விண்ணப்பிக்கச் சான்றிதழ் கேட்டான். கொடுக்கவில்லை. "இப்போது போட்டால் சாதாரணப் பிரிவில் போய்விடுவாய். டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வருடம் போடு, நேரே உள்ளே போகலாம்" என்று அவனிடம் சொன்னார்கள். என்னிடம் தொலைபேசியில், மீதித் தவணையைக் கட்டினால்தான் அசல் கிடைக்கும் என்றார்கள். விண்ணப்பத் தேதி செப்டம்பரில் முடிந்தது. எழுத்துத் தேர்வு டிசம்பர் 10 அன்று நடந்தது. தம்பி அன்று மண்டபத்தின் பின்முற்றத்தில் இருந்தான்.

2024இல் அந்தப் பொதுத்தேர்வுக்கு அறிவிக்கையே வரவில்லை. அடுத்தது 2025 ஆகஸ்டில் வந்தது. அதற்கு முந்தைய மார்ச் மாதம் அவனுக்கு 28 முடிந்துவிட்டது. பணம் போனதைப் பற்றி வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை. இந்தத் தேதிகளைத்தான் பேசுகிறோம்.

இடையில் இன்னொரு படலம் உண்டு. டிப்ளமோ முடிந்த கையோடு, நிறுவனத்தின் பரிந்துரையில் ஓர் 'அழைப்புக் கடிதம்' வந்தது. சென்னை மாநகராட்சி தீயணைப்புப் பிரிவில் தொடக்க நிலைத் தீயணைப்பாளர் பணி, எழும்பூரில் இருக்கும் ஒரு 'சாரை'ப் பார்க்க வேண்டும், திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை ஒன்றரை லட்சம். கடிதத்தில் மாநில அரசின் கோபுர முத்திரை. அனுப்பியது ஜிமெயில் முகவரி. மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கீழ் இருக்கிறது, உண்மை. சென்னையில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. இங்கே மாநிலம் முழுவதற்கும் ஒரே துறைதான், தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. இல்லாத பிரிவில் வேலை கொடுக்க எழும்பூரில் எந்தச் சார் இருந்தால் என்ன?

கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். இதற்குக் கட்டணமும் இல்லை, முன்அனுமதியும் தேவைப்படவில்லை. நிலைய அலுவலர் உட்கார வைத்துப் பேசினார். "டிப்ளமோவுக்கு ஒரு மதிப்பெண் கூடக் கிடையாதும்மா. எழுத்துத் தேர்வுக்கு 70, உடல்திறனுக்கு 24. மீதி 6 சிறப்பு மதிப்பெண். என்சிசிக்கு 2, என்எஸ்எஸ்ஸுக்கு 2, விளையாட்டுக்கு 2. உங்கள் தம்பி பள்ளியில் என்சிசியில் இருந்திருந்தால் அந்தச் சான்றிதழ் இதைவிட மதிப்பு" என்றார். பிறகு குழாய் விரிப்பது, ஏணி போடுவது, மூச்சுக்கருவி மாட்டுவது எல்லாவற்றையும் தேர்வான பிறகு துறையே சம்பளம் கொடுத்துக் கற்றுத்தரும் என்று விளக்கினார். தாம்பரத்தில் அதற்கென்றே மாநிலப் பயிற்சி மையம் இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டிய கட்டடம் அதுதான்: உங்கள் ஊரின் சிவப்பு வண்டி நிற்கும் இடம்.

அதே மாடியில் '108 ஆம்புலன்ஸில் அரசு வேலை' என்று ஆறு மாதப் பாராமெடிக்கல் சான்றிதழும் விற்கிறார்கள். 108 சேவையை அரசுக்காக ஒப்பந்தத்தில் நடத்துவது ஒரு தனி நிறுவனம், ஊழியர்கள் அரசு ஊழியர்கள் அல்ல. அவசர மருத்துவ உதவியாளர் பணிக்கு அவர்கள் கேட்பது செவிலியர் படிப்பு அல்லது உயிர் அறிவியல் பட்டம் போன்றவை. ஆறு மாதத் தாளை வைத்துக்கொண்டு அந்த நேர்காணலுக்குப் போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள்.

டிப்ளமோ எதற்குமே உதவாதா என்றால், தனியார் ஆலைகளில் தீக்காவலுக்கு ஆள் எடுக்கும்போது பார்க்கிறார்கள். தம்பி இப்போது பெருந்துறை சிப்காட்டில் அந்த வேலைதான் பார்க்கிறான், ஒப்பந்தத்தில், 12 மணி நேர ஷிப்ட். பாதுகாப்பு அலுவலர் ஆக வேண்டுமென்றால் அது வேறு பாதை. பொறியியல் படித்துவிட்டு, தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையம் நடத்தும் தொழில்துறைப் பாதுகாப்பு மேல்பட்டயம் போன்றவற்றில் சேர வேண்டும். தீயணைப்பையே படிப்பாகப் படிக்க விரும்பினால் நாக்பூரில் உள்துறை அமைச்சகத்தின் தேசிய தீயணைப்புக் கல்லூரி இருக்கிறது. இவற்றில் எதுவும் மாடிப்படி ஏறிய அன்றே ரசீது கிழித்துக் கொடுக்கிற இடம் அல்ல.

சான்றிதழ்களை எப்படி மீட்டோம் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து மனு ரசீது வாங்கினோம். மறுநாளே அலமாரி திறந்தது. கட்டண பாக்கிக்காக அசலைப் பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமை இல்லை என்று உதவி ஆய்வாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். உங்கள் பிள்ளையின் சான்றிதழ் எங்காவது பூட்டில் இருந்தால் மீதித் தவணைக்குப் பணம் புரட்டாதீர்கள், முதலில் இதைச் செய்யுங்கள்.

பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு மனுக் கட்டணம் இல்லை. வழக்குக்குக் காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். யோசித்துக்கொண்டே இருந்தால் காலக்கெடு கடந்துவிடும். யுபிஐயில் கட்டிய தவணைகளுக்குத் தடயம் இருக்கிறது. ரொக்கமாகக் கேட்டு வாங்கிய ஒரு தவணைக்குத் துண்டுச் சீட்டில்தான் ரசீது கொடுத்தார்கள், அதையும் இணைத்திருக்கிறோம்.

நிறுவனம் பதில் மனு போட்டுவிட்டது. தாங்கள் அரசு வேலை தருவதாக எங்கும் சொல்லவே இல்லையாம். சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'வேலைவாய்ப்பு உதவி மட்டும்' என்று இருக்கிறதாம், தம்பி அதில் கையெழுத்திட்டிருக்கிறானாம். 'வேலை உறுதி' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த நோட்டீஸ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அடுத்த விசாரணையில் அது தாக்கலாகிறது. இதே மாதிரி நோட்டீஸ் உங்கள் வீட்டில் பழைய செய்தித்தாளோடு கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தேதி தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பினால் அதையும் வழக்கறிஞரிடம் கொடுக்கிறேன்.