நாற்பது குத்து வாங்கிய வயிறு

கும்பகோணத்தில் நாங்கள் மூன்று மகப்பேறு டாக்டர்கள் பங்கு போட்டு வாங்கியது இந்தப் பொம்மை வயிறு. கர்ப்பிணியின் வயிற்றில் ஊசி போட்டு, குழந்தையைச் சோதிக்கப் பனிக்குட நீர் எடுக்க, அதாவது ஆம்னியோ செய்ய, ஜூனியர்களைப் பழக்குவதற்கு. பங்கு போட்டும் ஆளுக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் விலை ஆனது. வாங்கி ஆறு மாதம் ஆகிறது.

ஸ்கேன் புரோபை வைத்ததும் நஞ்சுக்கொடி, நீர், குழந்தை மூன்றும் திரையில் பளிச்சென்று தெரிகின்றன. ஜூனியர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. வெள்ளைப் புள்ளியைப் பார்த்தவுடன் "முனை தெரியுது மேடம்" என்பார்கள். ஊசியின் நடுத்தண்டும் அதே புள்ளியாகத்தான் தெரியும்; முனை அதற்குள் குழந்தையின் தொடைக்குப் பக்கத்தில் போயிருக்கும். புரோபை மெல்ல நகர்த்தினால் புள்ளி எங்கே மறைகிறதோ அதுதான் முனை. இதை நிஜ வயிற்றில் தப்பும் தவறுமாகக் கற்றுக்கொள்ள விட முடியுமா? இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும்.

ஆனால் தோல் மோசம். மெல்லிய 22 கேஜ் ஊசிதான் போடுகிறோம். நாற்பது குத்துக்குள் பழைய தடங்களில் காற்று புகுந்து திரையில் வெள்ளைக் கோடுகளாக நிற்கின்றன. ஐப்பசி மழையில் வரப்பில் முன்னால் போனவர் காலடியிலேயே கால் வைத்து நடப்போமே, அப்படிப் பழைய தடத்தில் ஊசியை விட்டுவிட்டு "சரியா போட்டேன்" என்கிறார்கள். புதுத் தோலுக்குக் கம்பெனி கேட்டது கிட்டத்தட்ட பாதி விலை!

இன்னொரு குறை. நிஜத்தில் சில சமயம் பனிக்குடச் சவ்வு கிழியாமல் ஊசிமுனையோடு கூடாரம் மாதிரி உள்ளே தள்ளிக்கொண்டு போகும், நீர் வராது. கர்ப்பம் 15 வாரம் ஆகும் முன் ஊசி போடாததற்கு அதுவும் ஒரு காரணம். பொம்மையில் அந்தத் தொல்லையே கிடையாது; ஒரே டொப், நீர் வந்துவிடும். முதல் 2 மில்லியில் தாயின் செல் கலந்திருக்கலாம் என்பதால் அதை ஒதுக்கிவிட்டு சிரிஞ்சை மாற்றும் பழக்கத்தையும் நாம்தான் அதட்டிச் சொல்லித்தர வேண்டும்.

ஸ்கேன் கருவியை இஷ்டத்துக்கு வெளியே கொண்டுபோக, கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் வருடச் சட்டம் விடாது. பதிவு செய்த இடத்தில்தான் இருக்க வேண்டும். அதனால் பொம்மைதான் மயிலாடுதுறை, திருவாரூர் என்று பஸ்ஸில் போகிறது. ஒரு கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

இது வருவதற்கு முன் நாங்களே ஒன்று செய்துகொண்டிருந்தோம். ஜெலட்டினைக் காய்ச்சி, திரையில் சதை மாதிரி சாம்பல் நிறம் வர இசப்கோல் கலந்து, நடுவில் தண்ணீர் நிரப்பிய கையுறை, அதற்குள் ஒரு கோழிக்கால். "என்னம்மா, கோழிக்குப் பிரசவமா?" என்று எங்கள் ஆயாம்மா கேட்டார். மார்கழியில் தாங்கும். சித்திரையில் பத்து மணிக்கே இளகிவிடும்.

தனியாக வாங்காதீர்கள், நாலைந்து பேர் சேர்ந்தால் வாங்கலாம். அப்புறம், முதல் பத்து குத்தைக் கோழிக்காலிலேயே முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். தோல் கொஞ்ச நாள் கூட வரும்.