மீன் கடிக்காத நாளில் தக்கையா, ஈயமா? காசல்ரீ, மவுசாகலைக் கரைகளுக்கான ஒப்பீடு

இலங்கை மலையகத்தின் இந்த இரண்டு நீர்த்தேக்கங்களிலும் மீன் மந்தமாவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். முதலாவது குளிர். திலாப்பியா சூட்டுத் தண்ணீரில் வளர்ந்த இனம். தண்ணீர் 20 பாகைக்குக் கீழே இறங்கினாலே இரை எடுப்பது குறைந்துவிடும். கார்ப் அதைவிடக் குளிரைத் தாங்கும். இரண்டாவது நீர்மட்டம். காசல்ரீ தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்துக்குப் போகிறது. மழை இல்லாத நாட்களில் மட்டம் இறங்க இறங்க, கரையோரத்து மீன் ஆழத்துக்கு விலகிவிடும். போனவுடன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள்; மட்டம் இறங்குகிறதா என்று அதுவே சொல்லும்.

மந்தமான நாளில் எங்கள் முதல் தெரிவு தக்கைதான். மீன் அன்றைக்கு இரையை விழுங்காது, உதட்டால் தொட்டுப் பார்த்துத் துப்பிவிடும். அந்தத் தொடுகை ஈயத் தூண்டிலில் (தக்கை இல்லாமல், ஈயத்தின் கனத்தால் இரையைத் தரையில் கிடத்தும் முறை) கைக்கு வந்து சேராது. மயிலிறகுத் தண்டில் செய்த மெல்லிய தக்கையில் கண்ணுக்குத் தெரியும்.

தக்கைக்கு 0.20 மி.மீ. தங்கூசி (நைலான் தூண்டில் நூல்), 10 அல்லது 12ஆம் இலக்க முள், பாண் உள்சதையைப் பிசைந்து பட்டாணி அளவில் உருட்டிய இரை. ஈயக் குண்டை முள்ளிலிருந்து 5 செ.மீ. மேலே தங்கூசியில் இறுக்கிவிட்டு, அது தரையில் படும்படி ஆழத்தை வையுங்கள். ஆழம் பார்க்க முள்ளில் கனமான ஈயம் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டினால் போதும்: தக்கை மூழ்கினால் வைத்த ஆழம் போதாது, படுத்துக்கொண்டால் கூடிவிட்டது. பிறகு தண்ணீருக்கு மேலே 1 செ.மீ. மட்டும் நிற்கும்வரை ஈயத்தைக் கூட்டுங்கள். மீன் இரையோடு குண்டையும் தூக்கும்போது தக்கை மூழ்காது. மேலே எழும்பிச் சாயும். இழுக்க வேண்டிய நேரம் அதுதான். தக்கை மூழ்கட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் வெறும் முள்ளை எடுத்துப் பார்க்கிறார்கள். பெரிய ரப்பர் தக்கை வேண்டாம், அதன் இழுப்பு தெரிந்தவுடன் மீன் விட்டுவிடும்.

தக்கையின் பலவீனம் காற்று. தங்கூசி காற்றில் வளைந்து இரையை இழுத்துப்போகும். கம்பு நுனியைத் தண்ணீருக்குள் அமுக்கித் தங்கூசியை மூழ்கடித்தால் ஓரளவு சமாளிக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் ஈயத்துக்கு மாறுங்கள்.

ஈயத் தூண்டில் வெல்லும் இடம் குளிர்ந்த விடியற்காலை, ஆழம், கார்ப். 0.30 தங்கூசியில் 20 முதல் 30 கிராம் ஓடும் ஈயம் (தங்கூசியில் வழுக்கி நகர்வது), 6 அல்லது 8ஆம் இலக்க முள். ஈயத்துக்கும் முள்ளுக்கும் இடையே 40 செ.மீ. போதும், சேற்றுத் தரையானால் 60. இல்லாவிட்டால் இரையும் ஈயத்தோடு சேற்றில் புதைந்துபோகும். மூழ்கிய தேயிலைத் தூர்களில் ஈயம் மாட்டுவது இங்கே தீராத தொல்லை. ஈயத்தை மட்டும் 0.18 தங்கூசித் துண்டில் தொங்கவிட்டால் அந்தத் துண்டு அறுந்து மீதி தப்பும். கம்பு நுனியில் கட்டும் மணியை நம்பாதீர்கள்: மீன் கரைப்பக்கம் நகர்ந்தால் தங்கூசி தளரும், மணி அடிக்காது. கம்பின் இரண்டு வளையங்களுக்கு நடுவே தங்கூசியில் சிறிய மா உருண்டை ஒன்றை ஒட்டிவிடுங்கள், அது ஏறினாலும் இறங்கினாலும் கடிதான். ரீல் பிடியைத் தளர்த்தி வைக்க மறக்க வேண்டாம், கார்ப்பின் முதல் ஓட்டத்தில் இறுகிய தங்கூசி அறுந்துவிடும்.

ஸ்பின்னர் (சுழலும் உலோகப் போலி இரை) வீசுவது திலாப்பியாவும் கார்ப்பும் நிறைந்த கரையில், அதுவும் இப்படியான நாளில், கைவலி மட்டும்தான்.

எந்தத் தூண்டிலானாலும் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் பிசைந்த உருண்டையை ஒரு கைப்பிடிக்கு மேல் போடாதீர்கள். பசியில்லாத மீன் அதைத் தின்றே நிறைந்துவிடும். வெயில் ஏறியதும் ஈயத்தை எடுத்துவிட்டு, ஆழம் குறைந்த, வெயில் நேராக விழும் வளைவில் தக்கையைப் போடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அசைவில்லையென்றால் ஆழத்தை ஒரு சாண் மாற்றுங்கள். மட்டம் இறங்கிய கரையில் காய்ந்ததுபோல் தெரியும் சேற்றில் மட்டும் கால் வைக்காதீர்கள், மேலே ஓடு கட்டியிருந்தாலும் அடியில் முழங்கால்வரை இறங்கும்.