தார் ரோட்டுச் சூடும் நாயின் பாதமும்: நேரமா, ஷூவா, மெழுகா?

காற்றின் வெப்பம் 31 டிகிரி செல்சியஸாக இருக்கும்போதே, நேர் வெயில் படும் தார் ரோடு 60 டிகிரியைத் தொட்டுவிடும். கத்திரி வெயிலில் சென்னையில் காற்றே 40ஐ எட்டும். 52 டிகிரித் தரையில் ஒரு நிமிடம் நின்றாலே தோல் வெந்துபோகும். நாயின் பாதத்து மெத்தை தடிப்பானதுதான், ஆனாலும் அது தோல்தானே.

செலவே இல்லாத வழி, நடக்கும் நேரத்தை மாற்றுவது. எங்கள் முதல் தேர்வும் அதுவே. காலை ஆறரைக்குள் வாக்கிங் முடிந்துவிட வேண்டும். பலரும் தவறுவது மாலையில். ஐந்தரை மணிக்கு வெயில் தணிந்துவிட்டது என்று கிளம்புகிறார்கள். பகலெல்லாம் குடித்த சூட்டைத் தார் அப்போதுதான் கக்கிக்கொண்டிருக்கும். எட்டு மணிக்கு மேல் போங்கள், அப்போதும் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். புறங்கையைத் தரையில் அழுத்தி ஏழு வினாடி வைக்க முடியாவிட்டால் நாயை இறக்காதீர்கள். வாசல் நிழலில் தொட்டுப் பார்த்துப் பயனில்லை. நாய் நடக்கப்போகிற இடத்தில் தொட வேண்டும்.

நேரத்தை மாற்ற முடியாதவர்கள் பாதையை மாற்றலாம். மரநிழலில் இருக்கும் மண் தரையும் புல்லும் நல்லவை. வெளிர்நிற சிமென்ட் தரை தாரைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான். கடற்கரையில் காய்ந்த மணல் தாரைப் போலவே சுடும். அலை நனைத்த ஓரம் மட்டும்தான் குளிர்ந்திருக்கும். செயற்கைப் புல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெயிலில் அது அசல் புல்லைவிட மிக அதிகமாகச் சுடும்.

காலில் போடும் பொருட்களில் சூட்டை உண்மையிலேயே தடுப்பது தடித்த ரப்பர் அடி வைத்த ஷூ ஒன்றுதான். பலூன் போல இழுத்து மாட்டும் மெல்லிய ரப்பர் உறை சேறுக்குச் சரி, சூடு அதில் நேராக ஏறிவிடும். அளவெடுக்க, நாயை வெள்ளைத்தாள் மேல் நிற்கவைத்து, அளக்கும் காலுக்கு ஜோடியான மறுபக்கத்துக் காலைத் தூக்குங்கள். எடை இறங்கிப் பாதம் விரியும். அந்த அகலத்தைக் குறியுங்கள். பெரும்பாலும் முன்னங்கால் பின்னங்காலைவிடப் பெரிது. இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஷூ தொளதொளவென்றிருந்தால் நடக்க நடக்கச் சுழன்று, ரப்பர் அடி மேலே வந்து, நாய் துணிமேல் நடக்கும். வெல்க்ரோவை இறுக்கினால் கால் வீங்கும். உள்பக்கமுள்ள குட்டி நகத்தில் பட்டை உரசினால் புண்ணாகும். முதல் மூன்று நாலு நாள் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் போட்டுவிட்டு, பிடித்த தின்பண்டம் கொடுங்கள். காலை உயரத் தூக்கித் தூக்கி வைப்பது இயல்பு, போகப் போகச் சரியாகிவிடும்.

நாய்க்கு வியர்ப்பது முக்கியமாகப் பாதத்தில்தான். அதனால் ஷூவை அரை மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. கழற்றியதும் விரலிடுக்கைத் துடைத்துக் காயவிடுங்கள், ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: ஷூ இருக்கிறதே என்று நண்பகலில் கூட்டிப்போனால் பாதம் தப்பும், நாய் தப்பாது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சிரைத்து உடம்பைச் சரியாகக் குளிர்விக்க முடியாது. வெப்பத்தாக்கம் உயிரை வாங்கிவிடும். ஃபிளாட்டில் மதியம் சிறுநீருக்கு இறக்க வேண்டிய ஐந்து நிமிடத்துக்குத்தான் ஷூ.

பாத மெழுகு குளிர்நாடுகளில் பனிக்கும் உப்புக்கும் தடவ வந்த பொருள். தேன்மெழுகு உருகுவது 62 டிகிரியை ஒட்டி. நம் தார் ரோட்டில் அது இளகித் தேய்ந்துவிடும். மெல்லிய பூச்சு சூட்டைத் தடுக்கவும் தடுக்காது. வெடித்த பாதத்துக்கு இரவில் தடவலாம். தேங்காய் எண்ணெய் நம்மூர் வெயிலில் தண்ணீராகவே இருக்கும். நாய் நக்கித் தீர்த்துவிடும். குழந்தைகளின் சாக்ஸ் வழுக்கும், சூட்டையும் தடுக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் நாய் நொண்டினாலோ, பாதத்தை விடாமல் நக்கினாலோ, மெத்தை கறுத்து உரிந்தாலோ, தூக்கி நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிடமாவது மெல்ல ஓடவிடுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், கொப்புளத்தை உடைக்க வேண்டாம். வலிக்கு நாம் போடும் மாத்திரை நாய்க்கு நஞ்சாகலாம். சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றி, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.