குற்றாலத்தில் 31 பேருக்கு ஒரு சீசன் வீடு

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், 5க்கு 4. குறைந்த அந்த ஒரு மார்க் எதற்கு என்பது கீழே வரும். ஆச்சியில் தொடங்கி கைக்குழந்தை வரை நாலு தலைமுறையும் ஒரே கூரையின் கீழ் மூன்று நாள் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு, குற்றாலத்தில் சீசன் வீடு, அதாவது அருவி சீசனுக்கு நாள் வாடகைக்கு விடும் முழு வீடு, எடுப்பதைத்தான் நான் சொல்வேன். ஹோட்டலில் ரூம் போட்டும் ஒரு தடவை கூடியிருக்கிறோம். ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொண்டார்கள், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் முகம் பார்த்தோம், ஊர் திரும்பிய பிறகு "சித்திகிட்ட பேசவே இல்லையே" என்று அம்மா வருத்தப்பட்டார்.

வீட்டின் பெயரை எழுதவில்லை. வீட்டுக்காரர் வயதானவர், தெரிந்தவர்கள் சொல்லி வருகிறவர்களுக்கு மட்டும்தான் கொடுக்கிறார், எழுதுவதென்றால் பெயரும் நம்பரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆனால் ஐந்தருவி ரோட்டிலும் இலஞ்சி பக்கமும் இதே மாதிரி வாடகைக்கு விடும் வீடுகள் நிறைய உண்டு. எந்த வீட்டை எடுத்தாலும் எதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்பது எங்களுக்கு இப்போதுதான் புரிந்தது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் போனது ஜூலை இரண்டாவது வாரம், வெள்ளி காலை முதல் திங்கள் வரை. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியாக வந்து சாரலாகத் தூவும் நேரம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தச் சாரல்தான் குற்றாலத்தின் அழகு, வெயில் அடிக்கும், மழையும் தூறும், காற்றும் குளிரும், எல்லாம் ஒரே நேரத்தில். ஆடி அமாவாசையை ஒட்டித் திட்டம் போடாதீர்கள், குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு நகரக்கூட முடியாத கூட்டம் இருக்கும். சனி ஞாயிறைத் தவிர்க்க முடிந்தால் இன்னும் நல்லது, எங்களால் முடியவில்லை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்.

முன்பதிவில் முதலில் ஏமாந்தோம். இணையத்தில் அழகான போட்டோக்கள் போட்டிருந்த ஒரு இடைத்தரகரிடம் 5,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். பயணத்துக்கு 3 வாரம் இருக்கும்போது, வேறு குழு அதிகம் தருகிறது என்று வீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார். பத்துப் பதினைந்து முறை போன் செய்த பிறகு பணம் திரும்பி வந்தது. அந்த நேரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஏனென்றால் சிங்கப்பூரில் இருந்து சித்தப்பா குடும்பம் டிக்கெட் எடுத்து முடித்திருந்தது. அப்புறம் தென்காசியில் இருக்கும் அத்தை மகன் நேரிலேயே நாலு வீடு ஏறி இறங்கி, வீடியோ காலில் வாசலில் இருந்து புறவாசல் வரை நடந்து காட்டினான். போட்டோவை நம்பாதீர்கள். ஒரு ஆள் நேரில் போய் எல்லாக் குழாயையும் திறந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

அவன் காட்டிய நாலில் ஒரு வீட்டு மாடியில் நின்றால் பேரருவி தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும், வாடகையும் கூடுதல். நாங்கள் எடுத்த வீட்டில் இருந்து பார்த்தால் தென்னந்தோப்பும், மேகம் ஒதுங்கினால் மலையும் மட்டும்தான். ஆனால் இந்த வீட்டில் பெரிய தார்சா, அதாவது முன்கூடம், இருந்தது. 31 பேரும் பாய் விரித்து வட்டமாக உட்காரலாம், ஒரு பக்கம் கம்பி போட்ட திறந்த சுவர், சாரல் உள்ளே வராது, காற்று மட்டும் வரும். பகலில் யாரும் அறைக்குள் போய் அடையவில்லை. தூங்குவதற்கு மட்டும்தான் அந்த 5 அறைகளும் மாடி ஹாலும் பயன்பட்டன. மலையை மேகம் பாதி நேரம் மறைத்துவிடுகிறது, அதனால் காட்சிக்குக் கூடுதல் வாடகை கொடுக்காதீர்கள், எல்லோரும் சேர்ந்து உட்கார இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, யாருமே யோசிக்காத விஷயம், துணி காயப்போடும் இடம். 31 பேர், ஒரு நாளைக்கு இரண்டு குளியல், அத்தனை துண்டும் பாவாடையும் கைலியும். சாரல் நேரத்தில் வெளியே போட்டால் மூன்று நாளானாலும் காயாது. இந்த வீட்டில் புறவாசலில் தகரக் கூரை போட்டு, உயரமாகப் பத்துப் பன்னிரண்டு கொடி கட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கார அம்மா அதைக் காட்டியபோது என் அம்மாவின் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன். குரங்கு வரும், அதனால் அடுக்களைக் கதவும் ஜன்னலும் கம்பிவலை போட்டதாக இருக்க வேண்டும். அதுவும் இருந்தது. முதல் நாளே யாரோ கதவைத் திறந்து வைத்ததில் ஒரு சீப்பு வாழைப்பழம் போய்விட்டது, அதோடு பிள்ளைகள் காவல் காக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்போது குறைக்கு வருகிறேன். கழிப்பறை மொத்தம் 4, அதாவது ஏறக்குறைய 8 பேருக்கு ஒன்று. காலை 6 மணிக்கு வரிசை. ஒன்றில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, சொன்னவுடன் ஆள் அனுப்பினார்கள், ஆனாலும் சரியானது மறுநாள் மதியம்தான். வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்றே ஒன்று, நல்லவேளை அது கீழ்த்தளத்தில் இருந்தது. மாடிப்படிக்குக் கைப்பிடி ஒரு பக்கம் பாதி வரைதான் இருக்கிறது, ஈரக்காலோடு ஏறும் பிள்ளைகளைப் பார்த்தால் பகீரென்றது. 84 வயது ஆச்சியையும் மூட்டுவலியுள்ள பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிற எனக்கு இது சின்னக் குறை இல்லை, ஒரு மார்க் குறைத்தது இதற்காகத்தான். உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருந்தால் 6 பேருக்கு ஒரு கழிப்பறையாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். வீட்டுக்காரரே தென்காசியில் இருந்து ஒரு தவசிப்பிள்ளையையும் (சமையல்காரர்) உதவிக்கு இரண்டு பேரையும் ஏற்பாடு செய்து தந்தார். சாமான் நாம் வாங்கிக் கொடுக்க வேண்டும், சமையல் அவர்கள். முதல் நாள் மதியம் சொதி, தேங்காய்ப்பாலில் செய்யும் குழம்பு. பால் திரியாமல், இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸுமாக இலையில் விழுந்தபோது சென்னையிலேயே பிறந்து வளர்ந்த மதினிகள் இரண்டாவது தடவை சோறு வாங்கினார்கள். காலையில் நனைந்து நடுங்கி வருகிறவர்களுக்கு அடுப்பில் எப்போதும் சுக்குக் காபி கொதித்துக்கொண்டே இருந்தது. எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விடுகிறார், ஒரு முறை சொன்னதும் குறைத்துக்கொண்டார். பெரியப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் அவருக்குத் தனியாகச் சின்ன வெங்காயம் போட்டுக் கோதுமை ரவை உப்புமா கிண்டிக் கொடுத்தார், நாங்கள் கேட்காமலே.

சனிக்கிழமை காலை 5 மணிக்குக் கிளம்பத் தயாரானோம். மலையில் இரவெல்லாம் மழை. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது, குளிக்கத் தடை என்று செய்தி வந்தது. ஐந்தருவியிலும் தடை. தடை என்றால் தடைதான், போலீசிடம் கெஞ்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் ஒரு பள்ளி மாணவன் உயிரிழந்தான். நம் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் கீழே வந்துவிடும்.

சின்னப் பிள்ளைகள் முகம் தொங்கிப்போனது. ஆச்சிதான் தார்சாவில் காலை நீட்டி உட்கார்ந்து, "ஏட்டி, அருவி எங்க போயிரப் போகுது, அந்தக் கீரையை இங்க கொண்டா" என்றார். அன்றைக்குக் கூட்டாஞ்சோறு என்று முடிவானது. முருங்கைக்கீரை உருவ ஒரு கூட்டம், கத்தரிக்காய், வாழைக்காய், அவரைக்காய் நறுக்க ஒரு கூட்டம். சிங்கப்பூர் பிள்ளைகள் கீரையை ஒவ்வொரு இலையாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள், ஆச்சி காம்பைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவிக் காட்டினார். அதன் நடுவே சித்தப்பா மகன் சார்ட் பேப்பரை விரித்துக் குடும்ப மரம் வரைய ஆரம்பித்தான். ஆச்சி சொல்லச் சொல்ல மேலே இரண்டு தலைமுறை சேர்ந்தது. தாத்தாவுக்கு ஒரு அக்கா இருந்து சின்ன வயதிலேயே இறந்துபோன விஷயம் அப்பாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பேரையும் எழுதச் சொன்னார். ஹோட்டல் ரூமில் இந்தப் பேச்சு வந்திருக்காது என்று உறுதியாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆச்சி கையில் வேலை இருந்தால்தான் பழைய கதை பேசுவார்.

சாயங்காலம் தண்ணீர் குறைந்து புலி அருவிக்கு விட்டார்கள். சின்ன அருவி, பிள்ளைகளுக்கு ஏற்றது. ஞாயிறு விடியுமுன்னே பேரருவி. பெண்களுக்குத் தனிப் பகுதி இருப்பதால் அத்தை, சித்தி, மதினிகள் எல்லோரும் கைகோர்த்து நின்றோம். நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்து வருகிற தண்ணீரே முதுகில் இந்த அடி அடிக்கிறது. சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கு அருவியில் தடை, கொண்டு போகாதீர்கள். ஆச்சியைக் கூட்டத்தில் நிறுத்தவில்லை, ஓரமாகத் தெறிக்கிற தண்ணீரில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம், அதுவே போதும் என்றார். குளித்துவிட்டுப் பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயில். வரும் வழியில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் கூறு கட்டி விற்றார்கள், பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கை கறையானது.

ஞாயிறு பகலில் அருவிப் பக்கம் தலைகாட்ட முடியாது. அந்த நேரத்தைத் தென்காசிக்கு வையுங்கள், 5 கிலோமீட்டர்தான். காசி விஸ்வநாதர் கோயிலில் சுமார் 180 அடி உயர ராஜகோபுரத்தின் கீழே நுழையும்போது எதிர்க்காற்று தள்ளும், கொஞ்சம் உள்ளே போனால் அதே காற்று பின்னால் இருந்து தள்ளும். இதைச் சொன்னால் புரியாது, போய் நிற்க வேண்டும். பண்பொழி திருமலைக் கோயிலுக்கு 600க்கு மேல் படிகள் இருந்தாலும் மேலே வரை ரோடு இருப்பதால் பெரியவர்களும் வர முடிந்தது. இரவு இளவட்டங்கள் மட்டும் பிரானூர் பார்டருக்குப் பரோட்டா சாப்பிடப் போனார்கள், எனக்குத் தூக்கம்.

வந்து சேர்வதைப் பற்றிக் கொஞ்சம். சென்னையில் இருந்து 14 பேர், எழும்பூரில் இரவு ஏறினால் காலையில் தென்காசியில் இறக்கிவிடும் பொதிகை எக்ஸ்பிரஸ். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது, ஒரு டிக்கெட்டில் 6 பேருக்கு மேல் போட முடியாது. பெரியப்பா பெரியம்மா இருவருக்கும் தனி டிக்கெட் எடுத்தோம், காரணம் மூத்த குடிமக்களுக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு அதிகபட்சம் இரண்டு பேர் உள்ள டிக்கெட்டுக்குத்தான் கிடைக்கும். எல்லோரையும் ஒரே டிக்கெட்டில் அடைத்தால் 70 வயதுக்காரருக்கு மேல்படுக்கை வந்தாலும் வரும்.

செலவு: வீடு 3 இரவுக்கு 42,000, சமையலாட்கள் 12,000, மளிகை காய்கறி 31,000, உள்ளூரில் சுற்ற இரண்டு வேன் 18,000. மொத்தம் 1,03,000. குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கவில்லை, அப்படிப் பிரித்தால் தனியாக இருக்கிற அத்தைக்கு அநியாயம். பிள்ளைகளை விட்டுவிட்டு, 22 பெரியவர்களுக்கும் தலைக்கு 4,700 ரூபாய். ரயில் டிக்கெட் அவரவர் செலவு. பணம் முழுவதும் ஒரே ஆள் கையில் இருக்க வேண்டும், தினமும் இரவு கணக்கைக் குரூப்பில் போட வேண்டும், இந்த இரண்டையும் அண்ணன் கறாராகச் செய்ததால் ஒரு முகச்சுளிப்பும் வரவில்லை.

கிளம்பும்போது வீட்டுக்காரரிடம் கழிப்பறை, கைப்பிடி விஷயத்தைச் சொன்னோம். கேட்டுக் குறித்துக்கொண்டார். போன வாரம் போட்டோ அனுப்பியிருந்தார், படிக்கு முழுக் கைப்பிடி போட்டாச்சு, புறவாசலில் புதிதாக ஒரு கழிப்பறை கட்ட அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார்கள். அடுத்த வருஷம் ஆனி மூன்றாவது வாரத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். சார்ட் பேப்பரை ஆச்சி அம்பாசமுத்திரத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார், இன்னும் இரண்டு பேர் விட்டுப்போய்விட்டதாக நேற்று போனில் சொன்னார்.