340 டாலருக்கு 40 கறுப்புக் கட்டிகள்: பழைய சிபிஎல்டி வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போய்த் தொலையட்டும் என்று விட்டுவிடுவேன், எனக்கு விற்ற ஆளும் அதைத்தான் எதிர்பார்க்கிறான். பழைய சிபிஎல்டி, அதாவது உள்ளே இருக்கும் லாஜிக்கை நாமே எழுதிக்கொள்ளும் சிப், வாங்கியதில் 340 டாலர் போயிருக்கிறது. பல விற்பனையாளர்கள் ஒரே இடத்தில் கடை விரித்திருக்கும் பெரிய இணையச் சந்தைகளில் ஒன்றில் வாங்கினேன். எந்தச் சந்தை என்று சொல்லப் போவதில்லை. எந்த லாஜிக் சிப்பை எடுத்தால் பல வருடம் தொடர்ந்து கிடைக்கும், எதில் முன்மாதிரி செய்வது சுலபம் என்பதையும் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்தது.

எனக்கு வேண்டியிருந்தது ஆல்டெராவின் இபிஎம்7128எஸ். 128 மேக்ரோசெல் (லாஜிக் அலகு), 5 வோல்ட், நாலு பக்கமும் கால் வைத்த 84 கால் பிஎல்சிசி உறை. ஒரு பழைய கன்ட்ரோலர் போர்டு முழுக்க இதை நம்பித்தான் ஓடுகிறது. இந்தச் சிப்பை இன்னும் பலர் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. சாக்கெட்டில் அழுத்தினால் உட்கார்ந்துவிடும். சாக்கெட்டின் கால்கள் 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் இருப்பதால் சாதாரணத் துளைப் பலகையிலேயே பற்றவைக்கலாம். போர்டிலிருந்து கழற்றாமல் ஜேடேக் என்ற நாலு கம்பி இணைப்பு வழியாகவே புரோகிராம் செய்யலாம். பழைய 5 வோல்ட் சர்க்யூட்டோடு நேராகப் பேசும், நடுவில் எதுவும் தேவையில்லை. ஒரே குறை, தயாரிப்பு நின்று வருடங்கள் ஆகிவிட்டன. ஆல்டெராவின் குவார்டஸ் மென்பொருள்கூட 13.0 எஸ்பி1 பதிப்போடு இதைக் கைவிட்டுவிட்டது.

அந்தச் செல்லரின் பக்கத்தில் "புத்தம் புதியது, அசல், ஸ்டாக் உண்டு" என்று இருந்தது. இதை எல்லோரும்தான் போடுகிறார்கள், அதனால் நான் நம்பவில்லை. நேராகச் செய்தி அனுப்பிக் கேட்டேன்: "இது ஈ வகையா, எஸ் வகையா?" ஏனென்றால் 7128ஈ என்று ஒரு அண்ணன் சிப் உண்டு. வெளியே பார்த்தால் அதே உருவம், அதே 84 கால். ஆனால் அதில் ஜேடேக் கிடையாது. தனி புரோகிராமரில் போட்டுத்தான் எழுத வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாத செல்லர்தான் அதிகம். இவருக்குத் தெரிந்திருந்தது! "சார், எஸ் வகைதான். 14, 23, 62, 71 கால்களில் ஜேடேக். நாங்கள் ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் அனுப்புகிறோம்" என்று பதில். கால் எண்கள் அத்தனையும் சரி. கூடவே புரோகிராமர் ஜன்னலின் படம் ஒன்று. அதில் சிப் தன் வகையைச் சொல்லும் ஐடி கோடு 071280டிடி என்று பளிச்சென்று தெரிகிறது. எஸ் வகைக்கு வர வேண்டிய எண் அதுவேதான்.

அந்த இடத்தில்தான் நம்பினேன். டேட்டாஷீட் படித்த ஆளிடம் பேசுகிறோம் என்ற நிம்மதி. அதற்கு மேலும் ஜாக்கிரதையாக, முதலில் சாம்பிளுக்கு இரண்டு வரவழைத்தேன். இரண்டும் அருமையாக வேலை செய்தன. அழித்தது, எழுதியது, சரிபார்த்தது, எல்லாம் சுத்தம். அப்புறம்தான் 40 சிப், ஒன்று 8.50 டாலர் என்று 340 டாலருக்கு ஆர்டர் போட்டேன். சாம்பிளுக்கு நல்லதும் மொத்தத்துக்குக் குப்பையும் அனுப்புவது இவர்களுக்கு வாடிக்கை என்று இப்போது விசாரித்தால் ஆளாளுக்குச் சொல்கிறார்கள்.

பார்சல் பார்க்க அழகாக இருந்தது. ஆன்டிஸ்டாட்டிக் குழாய், ஈரம் உறிஞ்சும் பொட்டலம், அச்சிட்ட லேபிள். முதல் சிப்பைச் சாக்கெட்டில் வைத்தேன். ஐடி கோடு கேட்டால் எல்லாமே ஒன்று, அதாவது எஃப் எஃப் எஃப் என்று வரிசையாக வருகிறது. சிப் பதில் தர வேண்டிய 71ஆம் காலில் அசைவே இல்லை. அடுத்தது, அதே கதை. சாம்பிள் சிப்பை எடுத்து அதே சாக்கெட்டில் வைத்தால் உடனே பேசுகிறது. ஆக கேபிள் சரி, சாக்கெட் சரி, மின்சாரம் சரி. நாற்பதையும் ஒன்று விடாமல் வைத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை ஊமை. சில ஐடி கொடுத்தன, ஆனால் எழுதியபின் சரிபார்த்தால் தோல்வி.

பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஒன்றின் முதுகில் தேய்த்தேன். பஞ்சு கறுப்பாகிவிட்டது. மேலே பூசியிருந்த கறுப்புப் பூச்சு கரைந்து, அடியில் பழைய எழுத்தின் தடம் தெரிந்தது: 7128ஈ! எஸ்ஸா என்று நான் கேட்ட அதே ஈ. அப்படியென்றால் என் கேள்விக்கு அர்த்தம் அவனுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது, புரிந்துகொண்டேதான் பூச்சு அடித்திருக்கிறான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. நாற்பதின் முதுகிலும் ஒரே தேதிக் குறியீடு, ஆனால் வயிற்றுப் பக்கம் அச்சு முத்திரை ஒவ்வொன்றிலும் வேறு. கால்களின் வளைவில் பழைய ஈயம் திட்டுத் திட்டாக. எல்லாம் எங்கோ பழைய போர்டுகளிலிருந்து பிடுங்கியவை.

ஐடி கொடுத்தும் எழுத மறுத்தவை நிஜமாகவே எஸ் வகைதான், ஆனால் ஓய்ந்து போனவை என்று நினைக்கிறேன். இந்தக் குடும்பத்துக்கு டேட்டாஷீட் தரும் உத்தரவாதமே 100 தடவை அழித்து எழுதுவதற்குத்தான். முன்னாள் சொந்தக்காரர் எத்தனை தடவை எழுதினாரோ, யாருக்குத் தெரியும். ஊமைகளிலும் சில எஸ் வகையாக இருக்கலாம். முன்பு பயன்படுத்தியவர் ஜேடேக்கை அணைத்து, அந்தக் கால்களைச் சாதாரண உள்ளீடு வெளியீடாக மாற்றியிருந்தால், தனி புரோகிராமர் இல்லாமல் அதற்குள் நுழையவே முடியாது. எப்படியானாலும் "புத்தம் புதியது" என்று விற்ற பொருள் இது.

இனி சமாளிப்புகள். முதல் பதில்: "உங்கள் கேபிள் சரியில்லை." சாம்பிள் வேலை செய்வதைக் காட்டினேன். "மென்பொருள் பதிப்பு தவறு, 13.0 போடுங்கள்." 13.0 எஸ்பி1தான் ஓடுகிறது, படம் அனுப்பினேன். "வீடியோ வேண்டும்." அனுப்பினேன். "சிப்பின் எழுத்து தெளிவாகத் தெரியவில்லை, வெளிச்சத்தில் எடுங்கள்." எடுத்தேன். அப்புறம் "எங்கள் டெக்னீஷியன்" என்று ஒருவர் வந்து, ஓஈ1 என்ற காலில் 12 வோல்ட் கொடுத்தால் பூட்டு திறந்துவிடும் என்றார். ஐயா, அது ஏட்மெல் ஏடிஎஃப்1508 என்ற வேறு சிப்புக்குச் செய்கிற வைத்தியம். ஜேடேக் அணைந்துபோன அந்தச் சிப்பை அப்படி மீட்பது உண்டு. 5 வோல்ட் ஆல்டெரா சிப்பில் 12 வோல்ட் கொடுத்து எரித்தபின் "நீங்களே கெடுத்துவிட்டீர்கள்" என்று கேஸை மூடுவதற்கான யோசனை அது. நான் கொடுக்கவில்லை.

அசிட்டோன் படத்தை அனுப்பியதும் பேச்சு நின்றது. சந்தையின் புகார்ப் பிரிவுக்குப் போனேன். அங்கே வந்த தீர்ப்பு இது: பொருளின் மேல் உள்ள எழுத்தும் விளம்பரத்தில் உள்ள எழுத்தும் ஒன்றே, ஆகவே பொருள் விவரிப்புக்கு ஏற்றது. எழுத்துதான் போலி என்பது புகார்! அதே எழுத்தை வைத்தே போலி இல்லை என்று முடிவு! மேல்முறையீடு செய்தால், அசிட்டோனால் பொருளின் தோற்றத்தை மாற்றிவிட்டேனாம், பயன்படுத்திய பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாதாம். கடைசியில் செல்லர் இரக்கப்பட்டு 20 டாலர் கூப்பன் கொடுக்கிறாராம், அவர் கடையிலேயே செலவு செய்ய. 340 டாலருக்கு 20 டாலர் கூப்பன். திருப்பி அனுப்பலாம் என்றால் தபால் செலவு என் தலையில், அதற்கும் "சோதித்துப் பார்த்து முடிவு செய்வோம்" என்ற நிபந்தனை.

சரி, சொன்ன வாக்குப்படி சிப் தேர்வு. விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை.

விஷயம் என்னவென்றால், கையால் பற்றவைக்கச் சுலபமான சிப்புகள் பெரும்பாலும் சாகக் கிடக்கின்றன, ஆயுள் உறுதியானவை கைக்கு அடங்குவதில்லை. எக்ஸ்சி9500எக்ஸ்எல், கூல்ரன்னர்-2, ஸ்பார்டன்-3 என்ற பழைய லாஜிக் சிப் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் 2024இல் ஏஎம்டி கடைசி ஆர்டர் தேதி குறித்துவிட்டது, புது டிசைனில் போடாதீர்கள். அதே நிறுவனத்தின் 7 தொடர் எஃப்பிஜிஏக்கள் (சிபிஎல்டியைவிடப் பெரிய லாஜிக் சிப்புகள்) குறைந்தது 2035 வரை கிடைக்கும் என்று அறிவிப்பு இருக்கிறது, ஆனால் அத்தனையும் பிஜிஏ, கால்களுக்குப் பதில் அடியில் ஈய உருண்டைகள். சால்டர் அயர்னை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தயாராகக் கிடைக்கும் மாட்யூல் போர்டில் வாங்கினால்தான் சரிப்படும். இந்த இடைவெளியில்தான் போலிக்காரன் பிழைக்கிறான்.

5 வோல்ட்டும் சாக்கெட்டும் கண்டிப்பாக வேண்டுமென்றால் மைக்ரோசிப்பின் ஏடிஎஃப்1502, 1504, 1508. முன்பு ஏட்மெல் பெயரில் வந்தவை. ஆல்டெரா 7000 குடும்பத்தோடு கால் பொருத்தம் உண்டு. குவார்டஸ் தரும் கோப்பை பிஓஎஃப்2ஜெட் என்ற கருவியால் மாற்றி எழுதலாம். 10,000 தடவை அழித்து எழுதலாம். சின்ன வேலைக்கு ஏடிஎஃப்22வி10, இரு வரிசையாக 24 கால் வைத்த டிஐபி உறை, பிரெட்போர்டிலேயே குத்தலாம். 3.3 வோல்ட் போதுமென்றால் லாட்டிஸ் மாக்எக்ஸ்ஓ2, உள்ளேயே ஃபிளாஷ் இருக்கிறது, கால் வைத்த டிக்யூஎஃப்பி உறையில் வருகிறது. 5 வோல்ட் சிக்னலை அதில் நேராகக் கொடுக்காதீர்கள், நடுவில் வோல்ட் அளவை மாற்ற 74எல்விசி245 போடுங்கள். லாட்டிஸின் இன்னொரு சிப்பான ஐஸ்40க்கு யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் என்று திறந்த மூலக் கருவிகள் இருப்பதால் பழைய பதிப்பு மென்பொருளைத் தேடி அலைய வேண்டாம்.

அப்புறம் வாங்கும்போது: தயாரிப்பாளரின் பக்கத்தில் அந்த முழு பார்ட் எண்ணைத் தட்டி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள், குடும்பப் பெயர் மட்டும் போதாது. அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் மட்டும் வாங்குங்கள். நின்றுபோன சிப்புகளை உரிமம் வாங்கி விற்கும் ரோசெஸ்டர் மாதிரி நிறுவனங்கள் உண்டு, விலை கசக்கும், பரவாயில்லை. சாம்பிள் நன்றாக இருப்பதை நம்பி மொத்தமாக வாங்காதீர்கள். பார்சலைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். அசிட்டோன் தேய்ப்பதானால் ஒன்றில் மட்டும் தேய்த்து, மற்றதைத் தொடாமல் வையுங்கள்.

இன்று காலை அந்தச் செல்லரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எனக்கு அனுப்பிய அதே புரோகிராமர் ஜன்னல் படம் இப்போது விளம்பரத்திலேயே இருக்கிறது. 200 ஸ்டாக் உண்டாம், விலை 9.20 டாலராம்.