எலி மூளையில் காயத்தை அளந்து உண்டாக்கும் கருவி: ஒரு மதிப்பீடு

தலைக்காயத்தின் விளைவுகளை எலிகளில் ஆராயும் ஆய்வகம், மின்காந்த விசையில் இயங்கும் தாக்குக் கருவியை வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் எந்தக் கேள்விக்கு அது விடை தரும் என்பதை முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொண்டு வாங்க வேண்டும்.

விலங்கின் மூளையில் அளந்து காயம் உண்டாக்கும் இம்முறை 1980களின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில், ஃபெரட் என்னும் சிறு விலங்கைக் கொண்டு உருவாக்கப்பட்டது. 1991இல் எலிக்கும், பின்னர் சுண்டெலிக்கும் ஏற்றவாறு மாற்றப்பட்டது. மயக்க மருந்து கொடுத்த விலங்கின் மண்டையோட்டில் சிறு திறப்பு செய்து, மூளையைச் சூழ்ந்த டியூரா உறை கிழியாதபடி வைத்து, உலோக முனை எவ்வளவு வேகத்தில், எவ்வளவு ஆழத்துக்கு இறங்கி, எவ்வளவு நேரம் அங்கே தங்க வேண்டும் என்பதை நாமே குறித்துத் தாக்கச் செய்கிறோம். உயரத்திலிருந்து எடையை விழச் செய்யும் பழைய முறையில் அந்த எடை துள்ளி மீண்டும் ஒருமுறை தாக்கிவிடக்கூடும். இங்கே அந்தக் கவலை இல்லை. காயம் விலங்குக்கு விலங்கு பெரிதும் மாறாததால் குறைந்த எண்ணிக்கையிலான விலங்குகளே போதும். என்னைப் பொறுத்தவரை இக்கருவியின் முதன்மையான சிறப்பு இதுவே.

பயன்பாட்டில் மிகுந்த கவனம் கோருவது ஆழத்தின் தொடக்கப் புள்ளியைக் குறிப்பதுதான். முனை டியூராவைத் தொட்டதும் ஒலியெழுப்பும் உணரி துணைபுரிந்தாலும், சுண்டெலியில் சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழமே தாக்குவதால், அதில் பத்திலொரு பங்கு பிசகினாலும் காயத்தின் அளவு மாறிவிடும். துளையிடும்போது எழும் வெப்பமும் அதிர்வும் மூளையைப் பாதிக்கும் என்பதால், உப்புநீர் சொட்டிக்கொண்டே நிதானமாகத் துளையிட வேண்டும். ஒப்பீட்டுக்காக, தாக்காமல் திறப்பு மட்டும் செய்த விலங்குகளோடு, அறுவையே செய்யாத விலங்குகளையும் சேர்ப்பது நல்லது.

குறை என்று சொல்ல வேண்டியது இம்முறையின் இயல்பிலேயே இருக்கிறது. சாலை விபத்தில் மனித மூளை மூடிய ஓட்டுக்குள் சட்டென்று சுழல்வதால், மூளையின் உட்பகுதியான வெண்பொருளின் நீண்ட நரம்பிழைகள் இழுபட்டுச் சிதைகின்றன. இங்கோ தலை சட்டத்தில் இறுகப் பூட்டப்பட்டிருக்கிறது, எலியின் மூளைக்கு மடிப்புகளும் இல்லை. எலிகளில் பலன் தந்த புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன், தலைக்காயமுற்ற மனிதர்களிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான இரு பெரிய மருத்துவச் சோதனைகளில், ஒன்றில் 882 பேர், மற்றொன்றில் 1195 பேர் பங்கேற்றும் பலன் தரவில்லை. இந்த இடைவெளிக்குக் கருவி மட்டுமே காரணமல்ல என்றாலும், ஒரே வகைக் காயத்தை மட்டும் நம்பி மருந்தைப் பரிந்துரைப்பது நோயாளிகளுக்கு நியாயமாகாது.

மூளையின் மேலடுக்கான புறணியில் ஏற்படும் கன்றல், நினைவுக்குரிய பகுதியான ஹிப்போகேம்பஸில் செல் இழப்பு, நினைவுக் குறைபாடு ஆகியவற்றை ஆராய்வோர் இதையே வாங்கலாம். லேசான, திரும்பத் திரும்ப நேரும் அதிர்ச்சிகளை ஆராய்வோர், தலை தடையின்றி அசைய இடமளிக்கும் சைமெரா முறையைப் பார்க்க வேண்டும். வாங்குமுன், முனையின் உண்மையான வேகத்தை அளந்து காட்டும்படி விற்பவரிடம் கேளுங்கள். தட்டை முனை, உருண்டை முனை இரண்டையும் சேர்த்தே பெறுங்கள், ஏனெனில் முனையின் வடிவம் மாறினால் காயமும் மாறும்.