எச்சரிக்கை: பழைய படத் தட்டு வாங்கப் போய் 7,450 ரூபாயைத் தொலைத்தேன்

7,450 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலம், கோவை ஸ்டுடியோக்களின் பழைய தமிழ்ப் படங்களும் பழைய கார்ட்டூன்களும் அடங்கிய ‘மீட்டெடுக்கப்பட்ட ப்ளூ-ரே தொகுப்பு’ என்று நம்பி இந்தப் பணத்தை அனுப்பினேன். ப்ளூ-ரே என்றால் டி.வி.டி.யைவிடத் தெளிவாகப் படம் காட்டும் தட்டு. இணையத்தில் இப்படிப்பட்ட தட்டுகளை வாங்கும் பழக்கம் உள்ளவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகவே எழுதுகிறேன்.

நேற்று இரவுதான் அதை எனக்கு விற்றவன் என் எண்ணைத் தடைசெய்தான். ‘அவர்’ என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

எங்கள் ஊர் பவானிக்குப் பக்கம். நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். அம்மாவைப் பெற்ற அப்பச்சி எங்களோடுதான் இருக்கிறார். வயது எண்பத்து மூன்று. தை மாதம் அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரித்து, இனித் தொலைக்காட்சி பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்ன அன்று மாலையே, “அலிபாபாவை இனி ஒருமுறை நிறத்தோடு பார்த்துவிட வேண்டும் கண்ணு” என்றார்.

‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956 பொங்கலுக்கு வந்த படம். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் கேவா கலர் என்ற வண்ணப் படச்சுருளில் எடுத்தது. அப்போது அப்பச்சிக்குப் பதினான்கு வயது. அதுவரை கறுப்பு வெள்ளையில் மட்டுமே பார்த்திருந்த எம்.ஜி.ஆர். ரோஜா நிறத்தில் வந்து நின்றபோது கொட்டகையே வாயடைத்துப் போனதாம். இந்தக் கதையை நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன். வீட்டில் இருப்பதோ ஈரோடு பஸ் நிலையத்துக்கு அருகே எப்போதோ வாங்கிய வி.சி.டி. இரண்டு தட்டு, நடுவில் எழுந்துபோய் மாற்ற வேண்டும். வி.சி.டி.யின் படத்தில் அகலத்துக்கு 352 புள்ளி, உயரத்துக்கு 288 புள்ளி, அவ்வளவுதான். இன்றைய 43 அங்குலத் திரையில் போட்டால் பானுமதியின் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. புதுக்கண் வாங்கிய மனிதருக்கு அதையா காட்டுவது?

அதனால் தேடினேன். பழைய பொருள்களை யாரும் யாருக்கும் விற்கலாம் என்கிற வகையான ஓர் இணையதளத்தில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ப்ளூ-ரே தட்டுகள் வரும் நீலப் பெட்டிகள் வரிசையாக அடுக்கிய அலமாரியின் படம். ‘கொங்கு நாட்டின் திரைச் செல்வம், 12 படங்கள், மூலப் படச்சுருளிலிருந்து, ப்ளூ-ரே’, விலை 4,950 ரூபாய். அதன் கீழே, ‘டாம் அண்ட் ஜெர்ரி 1940 முதல் 1958 வரை, 114 படங்களும் முழுமையாக, பாப்பையின் வண்ணப் படங்கள் இலவசம்’, விலை 2,500 ரூபாய். பாப்பை என்பவர் மாலுமி, அதுவும் பழைய கார்ட்டூன்தான். என் மகளுக்கு ஏழு வயது. அவளும் அப்பச்சியும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது அந்தப் பூனை எலிப் படம் ஒன்றைத்தான். இரண்டையும் வாங்கிவிடலாம் என்று எழுதினேன்.

நான் ஏமாந்த இடம் எதுவென்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். விலையில் இல்லை, படத்தில் இல்லை. ஒரு சொல்லில்தான் ஏமாந்தேன். “எங்கள் அப்பச்சிக்காக வாங்குகிறேனுங்க, படம் தெளிவாக இருக்குமா?” என்று கேட்டேன். உடனே பதில் வந்தது: “அப்பச்சிக்குத்தானுங்களே அக்கா! எங்கள் அப்பச்சியும் அலிபாபாவுக்கு உயிரை விடுவாருங்க. கண் நிறையப் பார்க்கட்டுங்க.” சென்னைக்காரனுக்கு அப்பச்சி என்றால் யாரென்றே தெரியாது. இவன் நம் பக்கத்துப் பையன், ஊர் கோபிசெட்டிபாளையமோ சத்தியமங்கலமோ இருக்கும் என்று மனம் அங்கேயே படுத்துவிட்டது. இப்போது அந்த உரையாடலை முதலிலிருந்து படித்துப் பார்க்கிறேன். நான் அப்பச்சி என்று எழுதும் வரை அவன் என்னை ‘மேடம்’ என்றுதான் அழைத்திருக்கிறான். ஒரு ‘ங்க’கூட இல்லை. என்னிடமிருந்தே சொல்லை எடுத்து எனக்கே விற்றிருக்கிறான்.

அடுத்து, “தளத்தின் வழியாகப் பணம் கட்டினால் கமிஷன் பிடிப்பார்கள் அக்கா. நேரே என் எண்ணுக்கு யு.பி.ஐ.யில் போட்டுவிட்டால் கூரியர் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேனுங்க” என்றான். போட்டுவிட்டேன். 7,450 ரூபாய், ஒரே தவணையில், தீபாவளி போனசில் மிச்சம் வைத்திருந்த பணம்.

ஒன்பதாம் நாள் பொட்டலம் வந்தது. நீலப் பெட்டி ஒன்றுகூட இல்லை. காகித உறையில் ஆறு தட்டுகள். மேலே வீட்டு அச்சு இயந்திரத்தில் எடுத்த படம். ஈரக்கை பட்டதும் எம்.ஜி.ஆரின் தலைப்பாகை கரைந்து என் விரலில் ஒட்டியது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் கத்தரிப்பூ நிறம். தொழிற்சாலையில் அச்சிட்ட தட்டின் அடி வெள்ளிபோல் பளபளக்கும். கணினியில் பதிந்த டி.வி.டி.தான் இப்படி ஊதாவாக இருக்கும். கணினியில் போட்டுப் பார்த்தேன். ஒற்றை அடுக்கு ப்ளூ-ரே தட்டே 25 ஜி.பி. கொள்ளும். இது 4.7 ஜி.பி. கொள்ளும் சாதாரண டி.வி.டி. அதற்குள் மூன்று படங்களைத் திணித்திருக்கிறான்.

அலிபாபா ஓடியது. வலது மூலையில் ஏதோ தொலைக்காட்சி அலைவரிசையின் முத்திரை, கீழே ஒருமுறை நகைக்கடை விளம்பரம் ஊர்ந்து போனது. ஏ. எம். ராஜாவும் பானுமதியும் பாடும் அந்தக் காதல் பாட்டு நடுவில் அறுந்து வேறு காட்சிக்குத் தாவியது. அந்தக் காலத்துப் படச் சட்டகம் ஏறக்குறையச் சதுரம். அதை அகலத் திரைக்கு இழுத்து நிரப்பியிருந்ததால் எல்லாரும் ஒரு சுற்றுப் பெருத்துக் குள்ளமாகத் தெரிந்தார்கள். அப்பச்சி கண்ணைக் கசக்கிக்கொண்டார். “அறுவை சரியாகவில்லையோ கண்ணு?” என்று கேட்டார். 7,450 ரூபாய் போனதைவிட அந்தக் கேள்விதான் எனக்குச் சுட்டது.

சரி, மலைக்கள்ளனைப் போடுவோம் என்று அடுத்த தட்டைச் செருகினேன். நாமக்கல் கவிஞரின் நாவல், கோவை பட்சிராஜா ஸ்டுடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு 1954-இல் எடுத்தது, குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. நம் மண்ணின் படம் என்று மகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பச்சி குறுக்கிட்டார்: “இது எம்.ஜி.ஆர். இல்லையே, திலீப் குமார் அல்லவா?” ஆமாம். அதே நாயுடு அதே கதையை மறு ஆண்டு இந்தியில் எடுத்த ‘ஆசாத்’ ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் திருட்டுப்பயலுக்கு இரண்டுக்கும் வித்தியாசம்கூடத் தெரியவில்லை. அல்லது தெரிந்தே போட்டிருக்கிறான்.

கார்ட்டூன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 114 என்றானே, இருந்தவை 61. அதில் ஒன்பது, ஒரே படம் வேறு பெயரில் இரண்டாம் முறை. “ஏன் அம்மா இந்தப் பூனை வேறு மாதிரி இருக்கிறது?” என்று மகள் கேட்டாள். பிராக் நகரில் ஜீன் டைச் என்ற வேறொருவர் 1961, 62-இல் எடுத்த பதின்மூன்று படங்களையும் எண்ணிக்கைக்குச் சேர்த்துவிட்டிருக்கிறான். டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கிய ஹன்னா, பார்பெரா இருவரும் எடுத்த பழைய படங்களிலோ, திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டிவிட்டதில் எலியின் கால்களைக் காணவில்லை. 1937-இல் வந்த பாப்பையின் படமும் அலிபாபா கதைதான், நாற்பது திருடர்களோடு. அமெரிக்காவில் உரிமை காலாவதியான படம் என்பதால் சாயம்போன நகல்கள் எங்கும் கிடைக்கும். அதில் ஒன்றைத்தான் ‘இலவசமாக’க் கொடுத்திருக்கிறான். ஆறாவது தட்டில் ஒன்றுமே இல்லை. வெறும் தட்டு.

அன்றிரவே எழுதினேன். மறுநாள் மதியம் பதில்: “மேடம், உங்கள் பிளேயர் எந்த நாட்டுடையது?” அக்கா போய் மேடம் திரும்பி வந்துவிட்டதைக் கவனியுங்கள். தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது என்றேன். “அதுதான் மேடம். சிங்கப்பூர் ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். மண்டலம் மாறினால் இப்படித்தான் வரும்.” ப்ளூ-ரே தட்டுகளை நாடுவாரியாக மண்டலம் பிரித்து விற்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் மண்டலம் பொருந்தாவிட்டால் ப்ளூ-ரே தட்டு ஓடாது, அவ்வளவுதான். எம்.ஜி.ஆர். திலீப் குமாராக மாறமாட்டார்! இதை அப்படியே எழுதி அனுப்பினேன்.

அடுத்த பதில், “பழைய படம் என்றால் பழையதாகத்தான் இருக்கும்.” அதற்கடுத்தது, “1956 படத்துக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது, நான் விற்பதில் தவறில்லை.” நம் சட்டப்படி வெளியீட்டுக்குப் பிறகு அறுபது ஆண்டுதான், 2016-ஓடு அது முடிந்தது, ஒப்புக்கொள்கிறேன். நான் காப்புரிமையா கேட்டேன்? ப்ளூ-ரே என்று சொல்லி ஊதாத் தட்டைக் கொடுத்ததைக் கேட்டேன். 7,450 ரூபாயைக் கேட்டேன்.

தட்டுகளைத் திருப்பி அனுப்பினால் பணம் தருவதாகச் சொன்னான். முகவரி கேட்டேன். “மாலை அனுப்புகிறேன்.” நான்கு மாலைகள் போயின. ஐந்தாம் நாள் மீண்டும் அக்கா ஆனேன்: “அக்கா, எங்கள் அப்பச்சி தவறிவிட்டாருங்க. காரியம் முடியட்டுங்க.” படித்ததும் எனக்கு நெஞ்சடைத்தது. ஆறுதல் எழுதினேன். அம்மாவிடம் சொன்னேன், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாவம், அந்தப் பையனைத் தொந்தரவு செய்யாதே” என்று எங்கள் அப்பச்சியே சொன்னார். பதினாறு நாள் வாயைத் திறக்கவில்லை. பதினேழாம் நாள் தளத்தில் போய்ப் பார்த்தால், துக்கவீட்டுக்காரன் அந்தப் பதினாறு நாளில் மூன்று புது விளம்பரங்கள் போட்டிருக்கிறான். அதே அலமாரிப் படம்.

தளத்தாரிடம் புகார் செய்தேன். மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக அவர்கள் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தார்கள். ‘உங்கள் புகார் எங்களுக்கு முக்கியமானது. பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படாததால் இப்புகார் முடித்து வைக்கப்படுகிறது.’ பெற்றதும் முடித்ததும் ஒரே மின்னஞ்சலில். வங்கியில், “நீங்களே அனுப்பியதுதானே அம்மா” என்றார்கள். இணையக் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்தேன். எண் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதைச் சொல்லி அவனுக்கு எழுதிய பிறகுதான் நேற்று இரவு தடைசெய்தான்.

நொடிக்கு 24 சட்டகம். இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 சட்டகங்கள். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, கீறல் துடைத்து, நிறம் திருத்தினால்தான் மீட்டெடுத்த படம். சிவாஜியின் ‘கர்ணன்’ 2012-இல் அப்படித்தான் திரையரங்குக்குத் திரும்பி வந்தது. அந்த வேலையைச் செய்த படம் ஒன்று 412 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்குமா? கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், பொறுமை போய்விட்டது. தட்டின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஊதா என்றால் விட்டுவிடுங்கள். ஏதாவது ஒரு காட்சி ஓடுவதைக் காணொளியாகக் கேளுங்கள். தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பொட்டலம் பிரிப்பதைப் பதிவு செய்யுங்கள், நான் செய்யவில்லை. பணம் போனால் அன்றே 1930, நுகர்வோர் உதவிக்கு 1915. என்னைப்போல் பதினாறு நாள் துக்கம் காக்காதீர்கள்.

இதை எழுதும் முன் மகளின் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து அந்தத் தளத்துக்குள் போனேன். விளம்பரம் இருக்கிறது. விலை 6,950 ஆகியிருக்கிறது. தலைப்புக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறான்: ‘உங்கள் அப்பச்சிக்கு ஏற்ற பரிசுங்க.’